நடைபாதை வியாபாரியும் நிழற்படமும் - புதுக்கடையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலே ஒருவர் 'புதுக்கடைக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லக் கேட்டால், அவர் ஏதோ பொருள் வாங்கச் சென்றுள்ளார் என எவரும் கருதுவதில்லை. வழக்கொன்றிற்காகச் சென்றுள்ளார் என்றே கொள்வர். நாட்டின் உயர் நீதிமன்றமும் பல கீழ் நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் அமைந்துள்ள இப்பகுதி தமிழிலே புதுக்கடை எனவும் சிங்களத்திலே அளுத்கடே எனவும் வழங்கும். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. ஆங்கில ஆவணங்களோ இதனை ஹல்ஃப்ட்ஸ்டோர்ப் என்னும். 1655-56 கொழும்பு முற்றுகையின்போது ஒல்லாந்தப் படைக்குத் தலைமை தாங்கி, 1656 ஏப்ரலிலே போர்முனையில் உயிர்நீத்த தளபதி கெறாட் ஹுல்ஃப்டின் நினைவாக இட்ட பெயர் அது. அடுத்த மாதமே கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆட்சியாளர் தளபதியின் பெயரைக் காத்துவந்தனர். சுதேச மொழிகள் இரண்டும் கடையை நினைவிற் கொண்டன.

கடைக்கும் வழக்குக்கும் உள்ள இத்தொடர்பு இன்றும் நடைபாதையிலே கண்கூடாகத் தெரிகின்றது. புதுக்கடையிலிருந்து புறக்கோட்டை வரையுள்ள வீதியோரங்களிலே பெயர்பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் குறிகளைத் தாங்கிய சட்டை, கைக்கடிகாரம், இடுப்புப் பட்டி, கறுப்புக் கண்ணாடி முதலியன மிக மலிவாக விலைப்படுகின்றன. இவற்றை விற்போரை நிழற்படம் பிடிப்போரும் பலர்: உல்லாசப் பயணி, பத்திரிகையாளர், மாநகர சபை அலுவலர், வியாபாரக்குறி உரிமையாளரின் முகவர், பல்கலைக்கழக மாணவன். இவர்கள் அனைவரும் ஒரே மனிதரையே ஒரே இடத்திலே படம் பிடிக்கின்றனர். ஆயினும் அப்படம் அவரவர் கையில் வெவ்வேறு பொருள் பெறுகின்றது. கமெராவின் கண் எப்பொழுது, எவ்வாறு இவ்வியாபாரியின்மேல் விழுந்தது? அவ்வாறு பிடிபட்ட படத்திற் சட்டம் எதனைக் கண்டது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். 'சட்டவிரோத வியாபாரி' என்னும் தொடர் இருவேறு குற்றங்களை ஒன்றாகக் கலந்துவிடுகின்றது. அனுமதியின்றி நடைபாதையிற் கடை விரித்தல் ஒன்று. பிறரது குறியைப் போலியாகப் பொறித்த பொருளை விற்றல் மற்றையது. முன்னையது இடத்தைப் பற்றியது. பின்னையது பொருளைப் பற்றியது. அனுமதியின்றி நடைபாதையில் அமர்ந்து தேங்காய் விற்பவர் முதலாவது குற்றத்தை மாத்திரமே புரிகின்றார். குளிரூட்டப்பட்ட கடையிலே போலிக் கைக்கடிகாரம் விற்பவர் இரண்டாவதை மாத்திரமே புரிகின்றார். ஆனால் 'போலி' என்றதும் நம் மனக்கண்ணில் எழும் உருவம் நடைபாதையில் குந்தியிருப்பவருடையதே. இதற்கு நிழற்படம் ஆற்றிய பங்கு சிறிதன்று.

வீதி வியாபாரியைப் படமாக்கும் வழக்கம் ஐரோப்பிய நகரங்களிலே நிழற்படக் கலைக்கு முன்னரே, செதுக்கோவியங்கள் வாயிலாக வேரூன்றியிருந்தது. இலண்டனின் உழைப்பாளரையும் வறியோரையும் பற்றி ஹென்றி மேய்யூ 1851இல் வெளியிட்ட நூலிற் காணப்படும் படங்கள் பல, றிச்சர்ட் பியேட் என்பாரின் நிழற்படங்களைப் பார்த்துச் செதுக்கப்பட்டவை. அந்நூலிலே நமது பொருளுக்கு நேரே பொருந்தும் ஒரு பகுதியுண்டு. கடத்தல் பொருள் எனப் பொய்கூறி உள்ளூர்ச் சரக்கை விற்ற தெரு வியாபாரிகளை மேய்யூ விவரிக்கின்றார். அங்கே துணி உண்மையான துணிதான். அது சட்டவிரோதமாகக் கடல் கடந்து வந்தது என்பதே பொய். வாங்குவோனின் ஆசையை மூலதனமாகக் கொண்ட வாணிபம் இது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்துக் கொழும்பை நேரிற் கண்ட எம் மூத்தோருக்கு, 'வெளிநாட்டுச் சாமான்' என்ற இரு சொற்களுக்கு அன்றிருந்த மந்திர சக்தியை விளக்கவேண்டியதில்லை.

மேய்யூவின் வழியிலே 1877இல் ஜோன் தொம்சன் என்னும் நிழற்படக்காரர் இலண்டன் தெரு வாழ்க்கையைப் படம் பிடித்து வெளியிட்டார். ஒவ்வொரு படத்தோடும் அடொல்ஃப் சிமித் என்ற பத்திரிகையாளரும் தொம்சனும் எழுதிய விவரணங்கள் இணைக்கப்பட்டன. படத்தில் உள்ளவர் யார், நாளொன்றுக்கு எவ்வளவு உழைக்கிறார், எதனால் இத்தொழிலுக்கு வந்தார் என்பன அங்கே பேசப்பட்டன. அந்நூலிலும் மேலிருந்து கீழ்நோக்கும் பார்வை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் படத்திலிருந்தவருக்கு ஒரு வரலாறு இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்துக் கொழும்பில் நடந்தது வேறு. ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிழற்பட நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும், 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் அதன் பின்னரும் இந்நாட்டுக் காட்சிகளைக் கப்பற் பயணிகளுக்கு விற்றன. கொழும்புத் துறைமுகத்திற் கப்பல் தரித்து நிற்கும் சில மணி நேரத்துள் கரையிறங்கித் திரும்பும் பயணி, கைக்கடக்கமாக எடுத்துச் செல்லக்கூடிய 'இலங்கை' ஒன்றை வேண்டினான். புறக்கோட்டை வீதி, பழம் விற்பவர், வெற்றிலைக்காரி, மாட்டுவண்டி, தேயிலைக் கொழுந்து கொய்யும் தமிழ்ப் பெண் ஆகியோர் இவ்வாறே தபாலட்டைகளில் ஏறினர். அட்டையின் கீழ் இனப் பெயரும் தொழிற் பெயரும் இருக்கும். ஆளின் பெயர் இராது. தமிழர், சோனகர், சிங்களவர் என்ற வகைப்பாட்டிற்கு எடுத்துக்காட்டாகவே மனிதர் நின்றனர். குடியேற்ற ஆட்சி குடிசன மதிப்பில் அட்டவணையிட்டதைத் தபாலட்டை படமாக்கியது எனலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒருவர் எடுத்த படத்தின் கண்ணாடித் தகடுகள் பின்னர் வேறொருவரிடம் விலைப்பட்டு, வாங்கியவரின் பெயரில் வெளிவருவது அன்று இயல்பான வணிக முறை. ஸ்கோவன் நிறுவனத்தின் தகடுகள் பின்னாளிற் கொழும்பு அப்போதிக்கரிஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. இதனால் இன்று ஒரு பழைய படத்தைக் காணும் ஆய்வாளன் அதை எடுத்தவர் யார் என உறுதிப்படுத்தத் திண்டாடுகின்றான். குறியை மாற்றி ஒட்டும் தொழில் நடைபாதையிலே பிறந்ததன்று.

படத்தின் உரிமை யாருக்கு என்பதிற் சட்டம் தெளிவாகவே இருந்தது. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் இலங்கையிலும் ஏற்புடையதாகி, 1979 வரை நிலவியது. அதன்படி, படம் எடுக்கப்பட்டபோது மூலத் தகட்டிற்கு உரிமையாளர் எவரோ அவரே படத்தின் ஆக்கியோன். தகட்டில் ஒளி பதிய நின்றவருக்கு, அவரே பணங்கொடுத்துப் படமெடுப்பித்தாலன்றி, யாதொரு பங்குமில்லை. அரைக்காசு கூலி பெற்றோ பெறாமலோ நின்ற பழக்காரரின் முகம் இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் தபாலிற் சென்றது. அவர் அதை அறிந்திருப்பாரா என்பதே ஐயம்.

இனிப் போலியின் வரலாற்றுக்கு வருவோம். பிறருடைய வடிவத்தைப் பார்த்துச் செய்து மலிவாக விற்றல் குற்றம் என இன்று நாம் எளிதிற் கூறுகின்றோம். 1866இல் இந்திய அலுவலகத்தைச் சேர்ந்த ஜோன் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார் இந்தியத் துணிகளின் மாதிரிகள் எழுநூற்றைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கினார். இத்தகைய தொகுப்புகள் இருபது செய்யப்பட்டன. பதின்மூன்று பிரித்தானிய நகரங்களுக்கு அனுப்பப்பட்டன, ஏழு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துச் சேலைகள், தலைப்பாகைகள், கைக்குட்டைகள் ஆகியவற்றின் மாதிரிகளும் அவற்றில் அடங்கின. நோக்கம் ஒளிவுமறைவற்றது: இந்திய மக்கள் எத்தகைய துணியை விரும்புகின்றனர் என்பதைப் பிரித்தானிய ஆலை முதலாளிகள் அறிந்து, அவ்வாறே நெய்து, அம்மக்களுக்கே விற்றல். தமிழ் நெசவாளன் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கோட்டையும் கட்டத்தையும் மான்செஸ்டர் பார்த்து நெய்தபோது அது கைத்தொழில் முன்னேற்றம் எனப்பட்டது. நெசவாளனுக்குப் பதிவுசெய்த குறி இருக்கவில்லை; ஆகவே களவு போனதாகக் காட்ட அவனிடம் எதுவுமிருக்கவில்லை.

காலச் சக்கரம் சுழன்று, ஜேர்மன் ஆலைகள் ஷெஃபீல்ட் நகரத்துப் பெயரைப் பொறித்துக் கத்திகளை விற்கத் தொடங்கியதும் பிரித்தானியாவின் நிலைப்பாடு மாறிற்று. 1887இல் வணிகப் பண்டக் குறிகள் சட்டம் நிறைவேறியது. அதன் சாயலில் 1888இல் இலங்கையிலும் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதே 1888இலேதான் ஜோர்ஜ் ஈஸ்ட்மன், எம்மொழியிலும் பொருளில்லாத 'கொடாக்' என்ற சொல்லைப் புனைந்து வியாபாரக்குறியாகப் பதிவுசெய்து, எவரும் இயக்கக்கூடிய கைக் கமெராவைச் சந்தைக்கு விட்டார். போலிக் குறியைத் தண்டிக்கும் சட்டமும், தெருவிற் செல்வோரை எளிதிற் படம்பிடிக்கும் கருவியும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். இதனை வெறும் தற்செயல் என ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. பெருந்தொகை உற்பத்தி, பெயரால் விற்கும் பொருள், நகரத்துக் கூட்டம் என்பன ஒன்றாக வளர்ந்த ஒரு காலத்தின் விளைவுகள் அவை.

1887ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. போலிக் குறியுள்ள பொருளை விற்றவர் குற்றவாளி. ஆனால் அவர் தக்க முன்னெச்சரிக்கையுடன் நடந்தார், ஐயுறக் காரணமிருக்கவில்லை, எவரிடமிருந்து பொருளைப் பெற்றார் என்ற தகவலையும் கேட்டபோது கொடுத்தார் என நிறுவினால் தப்பலாம். ஏட்டளவில் நியாயமான ஏற்பாடே. பற்றுச்சீட்டும் கணக்கேடும் வைத்திருக்கும் கடைக்காரர் இவ்வழியால் வெளியேறிவிடுவார். நடைபாதை வியாபாரியோ புறக்கோட்டையின் குறுக்குத் தெருவொன்றில் மொத்த வியாபாரியிடம் வாய்ச்சொல்லை நம்பிக் கடனுக்குப் பொருள் எடுப்பவர். அவரிடம் பற்றுச்சீட்டு இல்லை. பெயரைச் சொன்னால் தண்டத்திலிருந்து தப்பக்கூடும். மறுநாள் கடன் கொடுக்க ஆளிராது. எனவே அவர் வாய் திறவார். சட்டம் திறந்து வைத்த கதவின் வழியே போகத் தக்க நிலையில் அவர் இல்லை என்பதைச் சட்டம் ஆக்கியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவையும், அதன் இடத்தைப் பிடித்த 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் இத்துறையைப் புதுக்கின. இரண்டிற்கும் இடையில், 1994இல் உலக வர்த்தக நிறுவனத்தின் உடன்படிக்கைகளோடு புலமைச் சொத்து உடன்படிக்கையும் கைச்சாத்தாகியிருந்தது. அதன் 61ஆம் உறுப்புரை, வேண்டுமென்றே வணிக அளவிற் செய்யப்படும் குறிப் போலிக்குக் குற்றவியல் நடவடிக்கை இருத்தல் வேண்டும் என்கின்றது. 'வணிக அளவு' என்ற சொல் கவனிக்கற்பாலது. ஒரு பொலித்தீன் விரிப்பின்மேல் அடுக்கக்கூடிய சரக்கு வணிக அளவா? கொள்கலனில் வந்திறங்கும் சரக்கைப் பற்றியே இச்சொல் பேசுகின்றது எனக் கொள்வதற்கு இடமுண்டு. ஆனால் கொள்கலனைப் படம் பிடிப்பது கடினம். துறைமுக வாயிலிற் காவலிருக்கும். நடைபாதைக்கு வாயிலில்லை.

இங்கே பொருளின் தன்மை பற்றியும் சிறிது கூறவேண்டும். 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1978இற் கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் தொடங்கியபின், ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்காக ஆடை தைக்கும் ஆலைகள் நாட்டிற் பெருகின. தையற் பிழையால் ஒதுக்கப்பட்டனவும் தேவைக்கு மேல் தைக்கப்பட்டனவும் உள்ளூர்ச் சந்தைக்கு வருதல் வழமையாயிற்று. சிலவற்றிற் கழுத்துப் பட்டியின் குறி வெட்டப்பட்டிருக்கும் அல்லது மையாற் கோடிடப்பட்டிருக்கும். ஆகவே கொழும்பு நடைபாதையிலே அருகருகே தொங்கும் இரு சட்டைகளுள் ஒன்று உண்மையான ஆலையில் உண்மையான துணியில் தைக்கப்பட்டுக் குறியை இழந்தது. மற்றொன்று எங்கோ தைக்கப்பட்டுப் பிறர் குறியைப் பெற்றது. குறியற்றது அசல், குறியுள்ளது போலி. இவ்விரண்டையும் ஒரு நிழற்படத்திற் பார்த்து வேறுபடுத்த எவராலும் இயலாது. கையால் தொட்டு, தையலைப் பிரித்துப் பார்க்கும் அனுபவசாலியே தடுமாறும் விடயம் இது.

அப்படியாயின் நிழற்படம் எதை நிரூபிக்கின்றது? குறிப்பிட்ட மனிதர் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருந்தார் என்பதை நிரூபிக்கும். இடத்தைப் பற்றிய குற்றத்திற்கு அது வலுவான சாட்சி. பொருளைப் பற்றிய குற்றத்திற்கு ஏறக்குறைய ஊமைச் சாட்சி. ஆனால் பத்திரிகையிலும் கைத்தொலைபேசித் திரையிலும் பார்ப்பவர் இரண்டையும் ஒருங்கே கண்டதாக நம்பிவிடுகின்றார்.

நீதிமன்றம் இத்துணை எளிதில் நம்புவதில்லை என்பதையும் கூறவேண்டும். இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத்தது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1995இல், அதே 14ஆம் இலக்கத்தோடு சாட்சியம் பற்றிய சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தது. நிகழும்போதே பதியப்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கும் நெறிகளை அது வகுத்தது. கருவி ஒழுங்காக இயங்கியதா, பதிவு மாற்றப்படாததா என்பன ஆராயப்படவேண்டும். எதிர்த்தரப்பிற்கு நாற்பத்தைந்து நாள் முன்னறிவித்தல் கொடுத்து, பார்வையிடவும் வாய்ப்பளிக்கவேண்டும். போற்றத்தக்க காவல்கள். ஆயின் அவற்றைப் பயன்படுத்தச் சட்டத்தரணியும் நாட்களும் வேண்டும். நாட்கூலிக்கு ஒப்பான வருமானத்தில் வாழ்பவர் நாற்பத்தைந்து நாள் காத்திருப்பதிலும் அன்றே தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புவதையே விரும்புவார்.

நீதிமன்றத்துக்கு வெளியே அக்காவல்களும் இல்லை. 2024 ஏப்ரலில் இதே புதுக்கடையிலே, உணவு விற்பவர் ஒருவர் வெளிநாட்டுப் பயணியிடம் விலை சொல்லும் காட்சி கைத்தொலைபேசியிற் பதிவாகிப் பரவியது. சில நாட்களுள் அவர் கைதானார். அவர் செய்தது சரியென வாதிடுவது என் நோக்கமன்று. விருந்தினரை மிரட்டி விலை கேட்பது எந்த ஊருக்கும் அழகில்லை. ஆனால் நீதிமன்றங்களின் நிழலில் அமைந்த அத்தெருவின் வழக்கு, எந்த நீதவானும் கேட்பதற்கு முன்னரே திரைகளில் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் கூறப்பட்டதை நாம் கண்டோம்.

நடைபாதையைத் துப்புரவாக்கும் முயற்சிகளின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. கோட்டை ரயில் நிலையத்தையும் பஸ்தியன் மாவத்தையையும் அண்டி 2014இல் திறக்கப்பட்ட மிதக்கும் சந்தையை மாத்திரம் குறிப்பிடலாம். புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகளுக்கு மாற்றிடமாக நீரின்மேல் அமைக்கப்பட்ட அக்கடைகள் திறப்பு விழாப் படங்களில் மிக அழகாகவே தோன்றின. பேருந்திலிருந்து இறங்கி அவசரமாக நடப்பவரின் காலடியில் இருப்பதே நடைபாதை வாணிபத்தின் உயிர்நிலை. நாடிச் செல்லவேண்டிய அழகான இடத்தில் அவ்வாணிபம் செழிக்கவில்லை.

இவ்விடத்தில் என் அனுபவமொன்றைக் கூறுதல் பொருந்தும். மாணவர் கண்காட்சி ஒன்றிற்காகப் 'போலி நகரம்' என்ற தலைப்பிற் சில படங்கள் எடுப்பதென முடிவுசெய்து, ஒரு முற்பகலிற் புதுக்கடைக்குச் சென்றேன். தலைப்பை நானே சூட்டியிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. நீதிமன்ற வளாகத்திலிருந்து சற்றுத் தூரத்தில், வழக்குக்கு வருவோரை நம்பி இடுப்புப் பட்டியும் கைக்கடிகாரமும் விற்கும் முதியவர் ஒருவர் இருந்தார். கேளாமலே இரண்டு படம் எடுத்துவிட்டேன். மூன்றாவதை எடுக்குமுன் அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "தம்பி, சாமானை எடுங்க, மூஞ்சிய எடுக்காதீங்க" என்றார். "நானா, நான் பொலிஸ் இல்லை, படிக்கிற பொடியன்" என்றேன். அவர் சிரித்தார். "முந்தி ஒருக்கா என்ட படத்த எனக்கே காட்டினாங்க தம்பி. எடுத்தது ஆருன்னு இண்டைக்கும் தெரியாது. அது நான்தான்னு ஒத்துக்கொண்டு காசக் கட்டிட்டு வந்தேன். அதில சாமான் ஒண்டும் வெளங்கல்ல. நான் மட்டும் நல்லா வெளங்கினேன்."

அன்று இப்பேச்சின் முழுப் பொருளும் எனக்குப் பிடிபடவில்லை. மேற்கூறிய சட்டங்களைத் தேடிப் படிக்கப் புகுந்ததே அதன் பின்னர்தான். அவரிடம் நான் கேட்டிருக்கவேண்டிய அனுமதியைச் சட்டம் எங்கேனும் கோருகின்றதா என்று தேடினேன். தபாலட்டைக் காலத்தின் பதிப்புரிமைச் சட்டத்தில் அது இல்லை. வியாபாரக்குறிச் சட்டத்தில் அதற்கு வேலையில்லை. அங்கே காக்கப்படுவது பொருளின் பெயர். தளபதி ஹுல்ஃப்டின் நாட்டவர் இங்கே விட்டுச்சென்ற உரோம-ஒல்லாந்தச் சட்டத்திலேதான் ஒரு சிறு வெளிச்சம் தென்பட்டது. ஒருவரது மேனிக்கும் நற்பெயருக்கும் அப்பால் அவரது மானத்தையும் தனித்துக் காக்கும் கோட்பாடு அச்சட்டத்தில் உண்டு. அதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் படத்தை அவருடைய இசைவின்றித் துப்பாக்கி விளம்பரம் ஒன்றிற் பயன்படுத்தியது அவரது மானத்திற்கு இழுக்கு என 1954இல் ஒரு நீதிமன்றம் கொண்டது. செய்திக்கும் சாட்சியத்துக்கும் எடுக்கப்படும் படம் விளம்பரப் படத்தோடு ஒப்பாகாது என எவரும் வாதிடலாம், அவ்வாதம் வலுவானதே. ஆனால் 'போலி நகரம்' என்ற தலைப்பின்கீழ் அம்முதியவரின் முகத்தை நான் மாட்டியிருந்தால் அது செய்தியா, சாட்சியமா, விளம்பரமா? யாருக்கான விளம்பரம்?

கண்காட்சி நடந்தது, தலைப்பை மாற்றினோம். முதலில் எடுத்த இரு படங்களையும் அவர் முன்னிலையிலேயே அழித்துவிட்டேன். அவர் அனுமதித்த மூன்றாவது படம் என்னிடமுள்ளது. அதிற் பதினொரு இடுப்புப் பட்டிகளும், அவற்றை ஒழுங்குபடுத்தும் ஒரு கையும், பின்னணியில் நீதிமன்ற மதிலின் ஒரு பகுதியும் தெரிகின்றன. பட்டிகளுள் எவை அசல், எவை போலி என்று பலமுறை உற்றுப் பார்த்தும் என்னாற் கூற முடியவில்லை.